திருப்பிக் கேட்ட வான்கோழிக் கால்

மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, நேற்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பெண்டாட்டியோடு வந்து வாசலில் நின்றான். எர்லிந்தா அவனைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. உள்பக்கம் திரும்பி, ரெண்டு தட்டு கூட வைக்கச் சொன்னாள். வீடு நிறைய ஜனம். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொன்னபோது, அக்காவும் தம்பியும் எப்படியோ கூடத்தின் எதிரெதிர் மூலைகளில் மாட்டிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அம்மா போனபின் தம்பி எவாரிஸ்தோவை, வாரிஸ் வாரிஸ் என்று கூப்பிட்டு, இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வேலைக்கென்று வடக்கே எர்மோசில்லோவுக்குப் போனவன், அங்கேயே யாதிரா என்ற பெண்ணைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, மறுநாள் போனில் தகவல் சொன்னான். கல்யாணச் சாப்பாட்டையும் நீயே சாப்பிட்டுக்கோ என்று போனை வைத்தாள் எர்லிந்தா. அன்றோடு சரி.

நேற்று அவன் வந்தானே, அது போதும். இன்றைக்குப் பகலில் ஜனம் குறைந்திருக்கும், பேசலாம். இந்த நினைப்பிலேயே அவள் விடிகாலையில் எழுந்துவிட்டாள்.

அவர்கள் ஊரான புவெப்லாவில் பண்டிகைச் சாப்பாடு ஒரு வேளையோடு தீர்கிற விஷயம் இல்லை. முதல் நாள் ராத்திரி ஊரையே கூப்பிடலாம். மறுநாள் மீந்ததைச் சுடவைத்துச் சாப்பிட உட்காருகிறவர்கள்தான் வீட்டு மனிதர்கள். எர்லிந்தா வீட்டில் அதற்கு ‘மறுசூடு’ என்று பெயர். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் வந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. மறுசூட்டுக்கு வந்தார்களா என்றுதான் கேட்பார்கள்.

வான்கோழி, தெருமுனை பேக்கரி அடுப்பில் வெந்து வந்தது. நேற்று மேஜையில் மகாராஜா மாதிரி இருந்த பறவை, இன்று எலும்பும் தோலுமாகத் தட்டில் சாய்ந்து கிடந்தது. ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு இன்றைக்குத்தான் அதற்கு ருசி. எர்லிந்தா ஈரக் கையால் மார்க்கறியை நார் நாராகப் பிய்த்தாள். தட்டின் அடியில் உறைந்திருந்த சாற்றைக் கரண்டியால் வழித்து, மண்சட்டியில் உருக்கி, கறியை அதில் போட்டுச் சிறுதீயில் வைத்தாள். எலும்புக்கூட்டை உடைத்துப் பெரிய பானையில் இறக்கி, பூண்டும் வெங்காயமும் ஒரு கொத்துக் கீரையும் போட்டு மூடினாள். இன்னொரு அடுப்பில், கொய்யாவும் கரும்பும் போட்டு நேற்றுக் காய்ச்சிய பழப்பானம் மறுபடி கொதித்தது. மிளகாயும் எள்ளும் அரைத்த கருங்குழம்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது சாயங்காலத்துக்கு.

அவள் கணவன் அபுந்தியோ குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே ஜில்லென்ற கறியை விரலால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். முப்பது வருஷமாக விருந்துக்கு மறுநாள் அவனுடைய காலைச் சாப்பாடு இப்படித்தான். தட்டில் வைத்துத் தின்றால் அவனுக்கு இறங்காது.

"சுடவச்சுத் தரேன், உட்காருங்களேன்" என்றாள்.

"திருட்டுத் தீனிக்கு நாற்காலி எதுக்கு, லிந்தா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியம். மூன்று வருஷமாகப் பண்டிகை நாளில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்கெல்லாம் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சித்தப்பா மகன்கள், அபுந்தியோவின் தங்கை குடும்பம், எதிர்வீட்டுச் சம்பந்தி. எள் தூவிய உருண்டை ரொட்டியைப் பிளந்து, உள்ளே சூடான கறி, அவகாடோ, பாலாடைக்கட்டி, சுட்ட மிளகாய் எல்லாம் அடைத்து, கையில் சாறு வழிய வழியத் தின்றார்கள். நேற்று தொட்டுக்கூடப் பார்க்காத உலர்ந்த ஓரக்கறியெல்லாம் இன்று சாற்றில் ஊறி முதலில் காலியானது.

மேஜையின் இந்தக் கோடியில், தன் பக்கத்தில், இரண்டு நாற்காலிகளை எர்லிந்தா யாரையும் உட்காரவிடவில்லை. நாத்தனார் மகன் ஒருவன் உட்காரப் பார்த்தான். அது ஆடுகிற நாற்காலி என்று சொல்லி எழுப்பிவிட்டாள். அது ஆடாது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டானது. ஒன்றானது. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். இரண்டு மணிக்குப் பானையில் சாறு பாதியாக வற்றியபோது அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பழி போட அவளுக்கு ஆள் கிடைத்துவிடும். அந்த வடக்கத்திக்காரிதான் தடுத்திருப்பாள் என்று முடிவு கட்டினாள். சோள ரொட்டியின் அருமை தெரியாமல் மைதாவில் ரொட்டி சுடுகிற ஊர்க்காரிக்கு மறுசூடு என்றால் என்ன தெரியும்? நேற்றுச் சாப்பிடும்போதே அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாளே.

கோபத்துக்கு அடியில் இருந்தது வேறு. நாளைக்கு அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வடக்கே போக ஒன்றரை நாள் பஸ் பயணம். இன்றைக்கு வராவிட்டால் இனி எந்தப் பண்டிகைக்கும் வரமாட்டான். அடுப்பைக் குறைப்பது போலக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அபுந்தியோ காலித் தட்டோடு வந்தான். "ஒரு கால் பார்த்தேன், தின்னுட்டாங்க. இன்னொரு கால் எங்க?"

"வாரிஸுக்குக் கொடுத்தனுப்பிட்டேன். நேத்துக் கிளம்பும்போது."

"எப்படிக் கொடுத்தே?"

"எப்படிக் கொடுப்பாங்க? பொட்டலம் கட்டித்தான். அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து கால்தானே பிடிக்கும். முழுசா வச்சு, மேல சாறு ஊத்தி, நாலு ரொட்டியும் வச்சு…"

அபுந்தியோ தட்டைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "பொட்டலமா கொடுத்தே? நேத்து ராத்திரியா?"

எர்லிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பக்கத்தில் இருந்த நாற்காலியில், ஆடாத அந்த நாற்காலியில், அவளே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. மறுநாள் வரப்போகிறவர்களுக்கு ராத்திரி பொட்டலம் கிடையாது. பாதிரியாருக்கு உண்டு. மகள் ஊருக்குப் போகிற பக்கத்து வீட்டு அம்மாளுக்கு உண்டு. இனி வராதவர்களுக்கு, வரவேண்டியதில்லாதவர்களுக்குப் பொட்டலம். வீட்டு மனிதர்கள் கையை வீசிக்கொண்டு போவார்கள், மறுநாள் வந்து சாப்பிடுவார்கள். வேறு வீடுகளில் இப்படிக் கறாராக இல்லை. இங்கே இதைச் சட்டமாக்கியதே எர்லிந்தாதான். ஒரு வருஷம் அபுந்தியோவின் ஒன்றுவிட்ட அண்ணன் ராத்திரி பொட்டலமும் வாங்கிக்கொண்டு, மறுநாள் சாப்பாட்டுக்கும் வந்து நின்றார். பொட்டலம் வாங்கியவர்களுக்கு மறுசூட்டில் என்ன வேலை என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டாள். மனிதர் அன்றைக்குப் போனவர்தான். அதைச் சொல்லிச் சொல்லி அதிகம் சிரித்தவன் எவாரிஸ்தோ.

அவனுக்கு மறந்திருக்குமா?

ஏன் கொடுத்தாள் என்று அபுந்தியோ கேட்கவில்லை. அவளே சொன்னாள். வாசலில் தம்பி கோட்டு மாட்டிக்கொண்டு நின்றபோது, நாளைக்கு வராமல் போய்விட்டால் என்ற பயம் வந்துவிட்டது. வா என்று வாயால் சொல்ல மூன்று வருஷ வீம்பு விடவில்லை. கை தானாகப் போய்க் கட்டிக் கொடுத்துவிட்டது. வராமல் போனாலும் அவன் சாப்பிடவாவது சாப்பிடட்டும் என்று.

"வராம போயிடுவானோன்னு பயந்து, வராதேன்னு நீயே சொல்லி அனுப்பிட்டே" என்றான் அபுந்தியோ. குத்திக் காட்டவில்லை. அவள் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

போன் பண்ணினாள். கோபத்தில் அவன் நம்பரைப் போனிலிருந்து எப்போதோ அழித்திருந்தாள். ஆனால் விரலுக்கு மறக்கவில்லை. அணைத்து வைத்திருப்பதாகக் குரல் வந்தது. எங்கே தங்கியிருக்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அபுந்தியோவுக்குத் தெரிந்திருந்தது. நேற்று மைத்துனனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டு வைத்திருக்கிறான். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்ன விடுதி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்கலியே" என்று அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

அப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஏறினாள் எர்லிந்தா. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்றால், கொடுத்ததே பிடிக்காமல் கொடுத்தது என்று ஆகிவிடும். மன்னித்துக்கொள் என்றால், எதற்கென்று அவன் கேட்பான், பழைய கதையெல்லாம் கிளம்பும். அபுந்தியோ சிவப்பு விளக்குகளில் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

விடுதிக்குப் பின்னால் தங்குகிறவர்களுக்கென்று பொதுவாக ஒரு சமையலறை. அங்கே தனியாக நின்று யாதிரா எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். தக்காளியும் பச்சை மிளகாயும் எண்ணெயில் சுருண்ட வாசனை. நடுவில் எர்லிந்தாவுக்கு நன்றாகத் தெரிந்த தன் வான்கோழியின் வாசனை. நேற்றிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

யாதிரா திடுக்கிட்டாலும் காட்டிக்கொள்ளவில்லை. "வாங்க அண்ணி, உட்காருங்க" என்றாள். ஏன் வந்தாய் என்ற கேள்வியே இல்லை. ஊரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த மைதா ரொட்டி ஒன்றைத் தணலில் காட்டி, கறியை வைத்துச் சுருட்டி, நாத்தனார் கையில் கொடுத்தாள்.

எர்லிந்தா கடித்தாள். குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று மென்று பார்த்தாள். அகப்படவில்லை. கறி வறண்டு காரமாக, ரொட்டி மெத்தென்று, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு இருந்தது. இது வேறு எரிச்சலாக இருந்தது அவளுக்கு.

"அவன் எங்க?"

பஸ் நிலையத்தில், என்றாள் யாதிரா. நாளைக்கு இருந்த பயணத்தை இன்றைக்கு மாற்றப் போயிருக்கிறான். கறியை அவன் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். வீணாகப் போகக்கூடாதே, வழிக்கு ஆகும் என்று இவள் வதக்குகிறாள்.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு நேராகவே பேசினாள். வடக்கத்திக்காரர்களுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"நேத்து டாக்ஸியில ஏறினதும் நான்தான் கேட்டேன், நாளைக்கு எத்தனை மணிக்கு அக்கா வீட்டுக்குப் போகணும்னு. அவன் பதில் சொல்லல. மடியில இருந்த பொட்டலத்தைக் காட்டினான். எனக்கு ஒண்ணும் புரியல. நல்லா நிறையத்தானே கொடுத்திருக்காங்கன்னேன். ஆமா, மரியாதையா அனுப்பிச்சுட்டாங்கன்னான். அப்புறம் இறங்கற வரைக்கும் அதைப் பிடிச்சுட்டே இருந்தான் அண்ணி. சூடு ஆறிப்போய் எண்ணெய் பேன்ட்ல இறங்குது, அப்பவும் கீழ வைக்கல."

எர்லிந்தா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். கண்ணில் வந்த நீருக்கு மிளகாயின் மேல் பழி போட்டாள். இந்தப் பெண்ணைப் பற்றி மூன்று வருஷமாக என்னவெல்லாம் நினைத்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"அந்தக் காலை எனக்குத் திருப்பிக் கொடு."

யாதிரா சட்டியைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். "பாதிக்கு மேல வதக்கிட்டேனே."

"அப்ப சட்டியோட எடுத்துக்கோ. வா."

அந்த வீட்டு முறை யாதிராவுக்குத் தெரியாது. ஆனால் பொட்டலத்தை ஏன் கொடுத்தார்கள் என்று குழம்பியவளுக்கு, ஏன் திருப்பிக் கேட்கிறார்கள் என்பது எப்படியோ சட்டென்று புரிந்துவிட்டது. விடுதிக்காரியிடம் சொல்லிக்கொண்டு, துணியால் சட்டியின் காதைப் பிடித்தபடி கிளம்பினாள். வண்டியில் இரண்டு பெண்களுக்கும் நடுவில் சட்டி உட்கார்ந்து வந்தது. கண்ணாடியை இறக்கிவிடுங்கள், வாசனை தாங்கவில்லை, வண்டி ஓட்டுகிறவனுக்கும் வயிறு உண்டு என்றான் அபுந்தியோ. இரண்டு தடவை சாப்பிட்டவன் அவன்.

பண்டிகை நாள் என்பதால் பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னல்களுக்கு முன்னால் நீள வரிசைகள். எவாரிஸ்தோ காரியத்தை முடித்துவிட்டு, ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளி வந்திருந்தான். அக்காவை அப்ரனோடு அங்கே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருப்பான்.

"வாரிஸ், எங்க வீட்டுலேர்ந்து கால் எடுத்துட்டுப் போனியே, அதைத் திருப்பிக் கொடு" என்றாள் எர்லிந்தா.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புவெப்லாவில் கொடுத்த பொட்டலத்தைத் திருப்பிக் கேட்டவள் என்று எவளும் கிடையாது, அதுவும் கிறிஸ்துமஸ் அன்றைக்கு. மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

எவாரிஸ்தோ அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதலில் காது சிவந்தது, பிறகு மூக்கு. சின்ன வயசிலும் அவன் அழுவதற்கு முன் இப்படித்தான்.

"முழுசாவா?" என்றான்.

"மிச்சம் இருக்கறது போதும். அதுவும் என் மேஜைக்குத் திரும்பி வரணும், எடுத்துட்டுப் போனவனும் வரணும். எனக்குக் கட்டிக் கொடுக்கத்தான்டா தெரிஞ்சுது, வான்னு கூப்பிட வாய் வரல. காலையிலேர்ந்து ரெண்டு நாற்காலியைக் காவல் காத்துட்டு இருக்கேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. இரண்டடியில் வந்து அக்காவைக் கட்டிக்கொண்டான். நேற்று நள்ளிரவில் நடந்திருக்க வேண்டியது, பஸ் நிலையத்து இரைச்சலில், ஒலிபெருக்கி ஏதோ ஊர்ப் பெயரைக் கத்த, நடந்தது. எர்லிந்தா அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எலும்பும் தோலுமாய் இருக்கிறானே, இந்தப் பெண் இவ்வளவு நன்றாகச் சமைத்தும் எங்கே போகிறது எல்லாம் என்று சொன்னாள். யாதிராவை அவள் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டுக் கீழே பார்த்துச் சிரித்தாள்.

"டிக்கெட் எத்தனை மணிக்கு, மாப்ளே?" என்றான் அபுந்தியோ.

"ராத்திரி ஒன்பதுக்கு."

நேரம் இருக்கிறது, நிதானமாகச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டபடி எர்லிந்தா தம்பியின் கையைப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரே ஒரு டிக்கெட் இருந்தது.

"ஒண்ணுதானே இருக்கு. இன்னொண்ணு?"

எவாரிஸ்தோ டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது யாதிராவுக்கு. அங்க அவ வேலை பார்க்கற பேக்கரியில லீவு இல்ல, ஜனவரியில வர மூணு ராஜாக்கள் பண்டிகை ரொட்டிக்கு ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. நான் போகலக்கா. என் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அங்க வேலையையும் விட்டுட்டு, இனி இந்த ஊர்லதான்னு முடிவு பண்ணித்தான் வந்தேன்."

எர்லிந்தாவின் மனசு குதித்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. தம்பி இங்கேயே இருக்கப் போகிறான். பொட்டலம் கொடுத்துத் துரத்தியும் போகாமல் இருக்கப் போகிறான். இந்த மூன்று வருஷத்தில் மெழுகுவத்தி ஏற்றி அவள் கேட்டது இதைத்தான்.

சந்தோஷத்தோடு யாதிராவின் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள். யாதிராவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சட்டியின் காதைப் பிடித்திருந்த துணி நழுவியிருந்தது, சுடுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள் யாதிரா, மெதுவாக.

எர்லிந்தாவுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், போனை வைத்துவிட்டுக் கூடத்துக் கண்ணாடியில் அவள் பார்த்த தன் முகம் அது. அவளுடைய சந்தோஷம் முழுக்க அங்கேயே நின்றுவிட்டது. என்ன ஏது என்று அவன் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் பண்ணி முடிச்சுட்டுச் சொல்றே. எனக்குத்தான் அப்படிப் பண்ணினியேன்னு பார்த்தா, இவளுக்குமா?"

சட்டியை வாங்கி அபுந்தியோவிடம் கொடுத்தாள். யாதிராவின் விரல்களைத் தன் அப்ரனில் பொத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு தம்பியின் கையிலிருந்து டிக்கெட்டை உருவி, யாதிராவின் பையில் வைத்தாள்.

"இதை நீயே வச்சுக்கோ. முதல்ல வீட்டுக்கு வந்து சாப்பிடு. இவனை இங்க வச்சுக்கறதா, உன்னோட அனுப்பறதான்னு நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் அவன் வாயே திறக்கக் கூடாது."